நாலாவது பாயிண்ட்

கோச் டிவிட்டுக்குக் கொஞ்சம் மூளை இருந்திருந்தால் அன்றைக்கு அந்தக் குடும்பம் அப்படித் தவித்திருக்காது. இதை அவர் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன். அவரும் மறுக்கவில்லை. வாயிலிருந்த சூரியகாந்தி விதைத் தோலைத் துப்பிவிட்டு, "பத்தொன்பது வருஷமா தோத்தவன் வேற எப்படி யோசிப்பான், ஐடா?" என்றார்.

ஏப்ரல் மாதம் எங்கள் ஹேசல்க்ரீக்கில் இரண்டு வேலைகள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். வயலில் வெங்காயம் பிடுங்கிக் காயப்போட்டிருப்பார்கள். கல்லூரியில் டென்னிஸ் பருவம் முடியப்போகும். இரண்டுக்கும் வேண்டியது காய்ந்த வானம். தெற்கு ஜார்ஜியா வானம் யார் பேச்சைக் கேட்டது? நான் வெங்காயக் கொட்டகையில் தரம் பிரிக்கிற மேசையில் நிற்கிறவள். ஆட்டம் உள்ள நாட்களில் மட்டும் மேஸ்திரியிடம் சொல்லிக்கொண்டு கல்லூரிக்கு வந்துவிடுவேன். ஆறு கோர்ட்டுக்கும் பின்னால் கம்பிவேலி ஓரமாக நடந்து, எண் எழுதிய தகரங்களைக் கொக்கியில் மாட்டுவது என் வேலை. மின்சாரப் பலகை இடி விழுந்து செத்துப்போன பிறகு பதினோரு வருஷமாக நான்தான் அங்கே பலகை.

மேசையில் எனக்கு எதிரே நிற்கிறவள் ஓசெல்லா கேஸ்கின். அவள் புருஷன் ஹாலிஸ் அதே கொட்டகையில் டிராக்டர் ஓட்டுகிறான். அவர்களுக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் கார்லிஸ், நாலாம் வருஷம், முதல் கோர்ட். இளையவள் ரெனிடா, மூன்றாம் வருஷம், ஆறாம் கோர்ட். அணியில் யார் கெட்டியோ அவர்களுக்கு முதல் கோர்ட், யார் கடைசியோ அவர்களுக்கு ஆறு. கார்லிஸ் வந்த முதல் வருஷமே முதல் கோர்ட்டைப் பிடித்தவள், அப்புறம் அதை யாருக்கும் விடவில்லை. பெரிய பெரிய பல்கலைக்கழகங்களெல்லாம் கூப்பிட்டும், அம்மா சமையலை விட்டுப் போகமாட்டேன் என்று இங்கேயே தங்கிவிட்ட பைத்தியம். ரெனிடாவுக்குக் கல்லூரி உதவித்தொகை ஒன்றும் கொடுக்கவில்லை. சும்மா வந்து நின்றாள், சேர்த்துக்கொண்டார்கள். மூன்று வருஷமாக அவளுக்கு ஊரில் ஒரே பேர்தான்: கார்லிஸோட தங்கச்சி.

அந்தச் சனிக்கிழமை ஒரு பெரிய பல்கலைக்கழகத்து அணி எங்கள் ஊருக்கு வந்திருந்தது. பருவத்தின் கடைசி ஆட்டம். கார்லிஸுக்குக் கல்லூரியிலேயே கடைசி. அவர்களுடைய முதல் கோர்ட் பெண் ப்ளேர், நாட்டின் தரவரிசையில் இருபத்துச் சொச்சத்தில் இருந்தவள். அவளை ஜெயித்தால் கார்லிஸுக்குத் தேசியப் போட்டிக்கு அழைப்பு வரும் என்று பேச்சு. அறுபத்து நாலு பேருக்குத்தான் இடம், கார்லிஸ் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். அங்கே போனால் ஆட்டத்தைப் பார்த்துப் பணம் போட்டுக் கைகொடுக்க ஆள் வரும். போகாவிட்டால் அடுத்த மாதத்திலிருந்து கொட்டகை எடைமேடையில் வேலை, முதலாளி சொல்லியே வைத்துவிட்டார்.

காலையில் கொட்டகையில் ஓசெல்லா முகம் கொடுத்துப் பேசவில்லை. வெட்டுப்பட்ட வெங்காயத்தையும் நல்லதையும் ஒரே தொட்டியில் போட்டாள்.

"என்னடி, கண்ணு எங்க இருக்கு?" என்றேன்.

"தென்மேற்குல பாரு, ஐடா. எவ்வளவு கருத்திருக்கு."

"சாயங்காலம்தான் வருமாம். ரேடியோவுல சொன்னான்."

"ரேடியோக்காரன் வீட்டுல வெங்காயம் காயுதா? ஹாலிஸுக்கு இன்னும் நாப்பது ஏக்கர் அள்ளணும். பொண்ணுங்க ஆட்டத்துக்கு வரமுடியாதுன்னு ராத்திரியெல்லாம் புரண்டான். என்னை மட்டும் போகச் சொல்லிட்டான். ஃபோன்ல சொல்லிக்கிட்டே இருக்கணுமாம்."

"பந்து பந்தாவா?"

"பந்து பந்தாத்தான். பைத்தியம் பிடிச்ச குடும்பத்துல வாக்கப்பட்டேன்."

இப்போது கோச் செய்த காரியத்துக்கு வருகிறேன். எங்கள் ஆட்டத்தில் மொத்தம் ஏழு பாயிண்ட். ஜோடி ஆட்டம் எல்லாம் சேர்ந்து ஒன்று, தனி ஆட்டம் ஆறுக்கும் ஆறு. எந்த அணி முதலில் நாலு எடுக்கிறதோ அது ஜெயித்தது. நாலு வந்த பிறகு மிச்ச ஆட்டங்களை என்ன செய்வது என்று இரண்டு கோச்சும் ஆரம்பத்திலேயே கைகுலுக்கிப் பேசிக்கொள்வார்கள். ஒன்று, எல்லாவற்றையும் ஆடி முடிப்பது. இல்லையென்றால், நாலாவது பாயிண்ட் விழுந்த அந்த நொடியே எல்லாரும் மட்டையை உறையில் போட்டுவிடுவது. அப்படி நின்ற ஆட்டத்துக்கு 'முடியவில்லை' என்று எழுதுவார்கள். வெற்றியும் இல்லை, தோல்வியும் இல்லை. தரவரிசைக்காரர்கள் அதை எட்டிக்கூடப் பார்க்கமாட்டார்கள்.

வந்தவர்கள் மழைக்கு முன்னால் பஸ் ஏறணும், நாலோடு நிறுத்திக்கலாம் என்றார்கள். எங்கள் மனிதர் சரி என்று கையைக் குலுக்கிவிட்டு வந்தார். எப்படியும் நாலு அவர்களுக்குத்தான், மிச்சப் பிள்ளைகளாவது நனையாமல் தப்பிக்கட்டும் என்று கணக்குப் போட்டிருக்கிறார். கார்லிஸ் எப்போதும் சீக்கிரம் முடித்துவிடுவாள், அவளுக்கு ஆபத்தில்லை என்று வேறு நினைப்பு.

ஓசெல்லாவுக்கு விஷயம் தெரிந்ததும் அவள் கம்பிவேலியைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். "டிவிட்! என் பொண்ணு நாலு வருஷம் உனக்கு உழைச்சிருக்கா! அவ ஆட்டம் எண்ணிக்கையில வரணும்னு உனக்குத் தோணலையா?"

"ஓசெல்லா, நாம நாலு எடுத்தா மத்தத பேசலாம்."

"நாக்குல சனி வச்சிருக்க நீ!"

ஜோடி ஆட்டத்தில் தோற்றோம். சரி, வழக்கம்தான் என்று நான் தகரத்தை மாட்டினேன். அப்புறம்தான் வேடிக்கை தொடங்கியது. மூன்றாம் கோர்ட்டில் எங்கள் பெண் ஜெயித்தாள். ஐந்தில் ஜெயித்தாள். இரண்டில் தோற்றோம். நாலாம் கோர்ட்டில், அழுதுகொண்டே ஆடிய ஒரு பெண் ஜெயித்துவிட்டு அதே அழுகையோடு ஓடிவந்தாள். மூன்றுக்கு இரண்டு, நாங்கள் முன்னால்! பதினோரு வருஷத்தில் இதை நான் பார்த்ததே கிடையாது. கண்ணில் மொய்க்கிற சிற்றீயைக்கூட விரட்டத் தோன்றாமல் நின்றேன்.

மிச்சம் இரண்டு கோர்ட். ஒன்றும் ஆறும். கேஸ்கின் வீட்டுப் பெண்கள் இரண்டு பேரும்.

இருவரில் யார் ஜெயித்தாலும் அணிக்கு நாலு. ஆனால் யார் முதலில் ஜெயிக்கிறாளோ, அவள் மற்றவளின் ஆட்டத்தை அழித்துவிடுவாள். கோச்சுக்கு அப்போதுதான் உறைத்தது. விதைப் பொட்டலம் கையிலிருந்து விழுந்தது.

ஓசெல்லா நடுவில், மூன்றாம் கோர்ட் வேலிக்குப் பின்னால், ஃபோனைக் காதில் அழுத்திக்கொண்டு நின்றாள். நான் தகரக் கூடையோடு அவளைத் தாண்டிப் போகும்போதெல்லாம் ஹாலிஸின் குரலும் டிராக்டர் சத்தமும் கேட்டன.

"பெரியவ எப்படி?"

"செட்டு ஒண்ணுக்கு ஒண்ணு. மூணாவதுல நாலு ரெண்டு, இவ முன்னாடி."

"சின்னவ?"

"மொத செட்டு எடுத்துட்டா. இதுல அஞ்சு ரெண்டு. ஹாலிஸ், சின்னவ இன்னும் ஒரு கேம் எடுத்தா முடிஞ்சுது."

"அடி சக்கை! முடிச்சா நல்லதுதானே?"

"உனக்கு வெங்காயம் மூளைக்கு ஏறிடுச்சா? அவ முடிச்சா இவளோடது போச்சு!"

டிராக்டர் நின்ற சத்தம் கேட்டது.

அந்த நேரம் பார்த்து முதல் கோர்ட்டில் ப்ளேர் உட்கார்ந்துவிட்டாள். பக்கவாட்டில் ஒரு பந்துக்குப் போனவள் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு கையைத் தூக்கினாள். அவர்களுடைய வைத்தியப் பெண் பையோடு ஓடினாள். ஷூவைக் கழற்றி, காலைத் திருப்பிப் பார்த்து, பட்டை சுற்றி, மறுபடி கழற்றி, மறுபடி சுற்றி... இடையிடையே ப்ளேர் தலையைத் திருப்பி ஆறாம் கோர்ட்டைப் பார்த்தாள். என்னிடமா இந்த வேலை? பதினோரு வருஷமாகப் பார்க்கிறேன். தோற்கப்போகிறவளுக்கு 'முடியவில்லை' ஒரு வரம். இன்னும் நாலு நிமிஷத்தில் ரெனிடா முடித்துவிடுவாள், இவளுக்குத் தோல்வி எழுதமாட்டார்கள்.

"நடிப்பு!" என்று கத்தினேன். "கால்ல ஒண்ணுமில்ல, கண்ணு பூரா ஆறுல இருக்கு!"

எங்கள் பக்கத்துக் கூட்டம் பிடித்துக்கொண்டது. "எழுந்திரு ராசாத்தி! நாடகம் முடிஞ்சுது!" என்று ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். கல்லூரி ஆட்டத்தில் கத்தலாம், அதற்குத் தடை கிடையாது. ஓசெல்லாதான் எல்லாரையும்விட உரக்கக் கத்தினாள். கார்லிஸ் மட்டையின் நரம்புகளை விரலால் நேராக்கிக்கொண்டு யாரையும் பார்க்காமல் நின்றாள்.

நான் ஆறாம் கோர்ட்டுக்குப் போனேன். முடித்த பெண்கள் எல்லாரும் அங்கே வேலியோரம் கை கோத்து நின்றார்கள். ரெனிடா சர்வ் போடவேண்டிய முறை. பந்து எடுக்க வேலிப் பக்கம் வந்தாள். முகமெல்லாம் வியர்வை, வாயெல்லாம் சிரிப்பு. மூன்று வருஷத்தில் அந்தப் பெண்ணை நான் அவ்வளவு அழகாகப் பார்த்ததில்லை.

"அத்தை, அங்க எவ்ளோ?"

பொய் சொல்லியிருக்கலாம். எனக்குத் தோன்றவில்லை.

"நாலு ரெண்டு. உங்கக்காதான் முன்னாடி. அந்த மகாராணி காலை நீட்டி உக்காந்திருக்கா. நீ முடிக்கிற வரைக்கும் எந்திரிக்க மாட்டா போலிருக்கு."

சிரிப்பு அப்படியே நின்றது. பந்தை ஒரு தரம் பார்த்தாள். திரும்பிப் போனாள். முதல் சர்வ் வலையில். இரண்டாவதும் வலையில். அடுத்த பாயிண்ட்டும் அதே மாதிரி. தோழிகள் "பரவால்ல ரெனி, பரவால்ல!" என்றார்கள். கோச் தலையில் கைவைத்து, "பயந்துட்டா, பிள்ளை பயந்துட்டா," என்றார். வெண்ணெய் திரண்டு வருகிற நேரத்தில் தாழி உடைகிறது என்று அவர்கள் நினைத்தார்கள். எனக்கு மட்டும் புரிந்தது. தாழியை அவளே உடைக்கிறாள்.

ஐந்து மூன்று. ஷூ கயிற்றை அவிழ்த்துக் கட்டினாள். ஆட்ட மேற்பார்வைக்கு இருந்தவர் ஒரே ஒரு கிழவர், தொப்பிக்காரர், ஆறு கோர்ட்டுக்கும் அவர்தான் நடந்தாகவேண்டும். அவர் வந்து, "நேரத்தைக் கடத்தாத பாப்பா, இது எச்சரிக்கை," என்றார். ஐந்து நாலு. துண்டால் முகம் துடைத்தாள். ஐந்து ஐந்து.

அதற்குள் ப்ளேர் எழுந்து வந்து ஆடத் தொடங்கியிருந்தாள். காத்திருந்ததில் உடம்பு ஆறிப்போய்விட்டதோ என்னவோ, கார்லிஸ் இரண்டு கேம் விட்டாள். நாலு நாலு. ரெனிடா விட்டுக்கொடுத்ததற்கு ஒரு பலனும் இல்லாமல் எல்லாம் சரியப் பார்த்தது. ஆட்டம் ஒன்றும் கிணற்றுக் கயிறு இல்லை, விட்டபோது விட்டுவிட்டு வேண்டியபோது இழுக்க. ஆறாம் கோர்ட்டில் எதிரே நின்ற பெண்ணுக்குத் தைரியம் வந்துவிட்டது. ரெனிடா இப்போது நிஜமாகவே பந்துகளைத் தவறவிட்டாள். இரண்டு பேரும் தோற்றால் அணியும் தோற்கும், அக்காவும் போவாள்.

ஓசெல்லா என் கையைப் பிடித்தாள். அவள் விரல் ஐஸ்கட்டியாக இருந்தது.

"ஐடா, சின்னவ வேணும்னேதான் விடுறா. இல்லையா?"

"எனக்கென்ன தெரியும்?"

"மூஞ்சியப் பாத்தா தெரியுது. நீ ஏதாவது சொன்னியா?"

நான் தகரங்களைப் பார்த்தேன். ஃபோனில் ஹாலிஸ், "என்னாச்சு? யாராவது பேசுங்கடி!" என்று கத்திக்கொண்டிருந்தான்.

"சின்னவ தன் ஆட்டத்த அக்காவுக்குக் குடுக்குறா, ஹாலிஸ்."

"குடுக்க வேணாம்னு சொல்லு."

"அப்ப பெரியவ?"

"இங்க தூறல் விழுது, ஓசெல்லா," என்றான்.

முதல் கோர்ட்டில் அடுத்த கேம் தொடங்குமுன் சின்ன இடைவெளி. நான் தகரம் மாட்டப் போனேன். கார்லிஸ் தண்ணீர் குடித்துக்கொண்டே, "ஆறுல என்ன அத்தை?" என்றாள்.

"அஞ்சு அஞ்சு."

"அப்பவே அஞ்சு ரெண்டு மாட்டியிருந்தியே."

"ஆமா."

"என் முகத்தப் பாத்து சொல்லு. அவ தோக்குறாளா, விடுறாளா?"

என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள். மூக்கு விடைத்தது. அந்த வீட்டில் மூத்தவளுக்குத்தான் கோபம் மூக்குக்கு மேல். நிமிர்ந்து நின்று ஐந்து கோர்ட்டைத் தாண்டிக் கேட்கிற மாதிரிக் கத்தினாள்:

"ரெனிடா! நீ என்ன பண்றேன்னு எனக்குத் தெரியும்! முடிடீ!"

அந்தக் கோடியிலிருந்து பதில் வந்தது: "உன் வேலைய நீ பாருடீ! நீ மொதல்ல முடி!"

"உன் பிச்சை எனக்கு வேணாம்!"

"யாரு போட்டா? வாய மூடிட்டு ஆடு!"

கூட்டம் சிரித்தது. தொப்பிக்காரர் இரண்டு பக்கமும் விரலை ஆட்டினார். ஓசெல்லா சிரிக்கவில்லை. அவளுக்கு இரண்டு கண்ணும் இரண்டு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தன.

அந்தக் கத்தல் இருவருக்கும் எங்கேயோ சுட்டிருக்கவேண்டும். கார்லிஸ் தன் சர்வ் கேமை நாலே பந்தில் எடுத்தாள். ஐந்து நாலு. ரெனிடாவும் தோல்விப் பயத்தில் நிஜமாக ஆடி ஒரு கேம் பிடுங்கினாள். ஆறு ஐந்து. அடுத்த கேம் இரண்டு கோர்ட்டிலும் ஏறக்குறைய ஒன்றாகவே நடந்தது. இங்கே ப்ளேர் சர்வ், அங்கே ரெனிடா சர்வ். இரண்டும் நாற்பதுக்கு நாற்பது. எங்கள் ஆட்டத்தில் நாற்பதுக்கு நாற்பது வந்தால் இழுபறி கிடையாது. அடுத்த ஒரே பாயிண்ட்டில் கேம் தீர்ந்தது. அதாவது கார்லிஸ் இந்தப் பாயிண்ட்டை எடுத்தால் அவள் ஆட்டம் முடிந்தது. ரெனிடா அந்தப் பாயிண்ட்டை எடுத்தால் அவள் ஆட்டம் முடிந்தது.

ப்ளேர் கோட்டில் நின்று பந்தைத் தட்டினாள். தட்டினாள், தட்டினாள். சர்வ் போடவில்லை. கண் ஆறாம் கோர்ட் பக்கம் போனது. அங்கே ரெனிடாவும் கோட்டில் நின்று பந்தைத் தட்டிக்கொண்டிருந்தாள். அவள் கண் முதல் கோர்ட் பக்கம். ஒருத்தி மற்றது முடியக் காத்திருக்கிறாள், இன்னொருத்தி இது முடியக் காத்திருக்கிறாள். அத்தனை பேர் இருந்த இடத்தில் இரண்டு பந்துகள் தரையில் தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. என் கையிலிருந்த தகரத்தில் முதல் மழைத்துளி விழுந்து டிங் என்றது.

மழை இறங்கிவிட்டால் எல்லா ஆட்டமும் 'முடியவில்லை'தான். பஸ் ஏறிப் போய்விடுவார்கள்.

தொப்பிக்காரர் ஆறாம் கோர்ட்டில் இருந்தார். கடிகாரத்தைத் தூக்கிக் காட்டினார். "போடு, பாப்பா. இல்லன்னா பாயிண்ட்டப் பிடுங்கிடுவேன்."

ரெனிடா பந்து தட்டுவதை நிறுத்தினாள். பந்தை உள்ளங்கையில் பிடித்துக்கொண்டாள். போடவில்லை.

"ரெனி, போடு!" என்று தோழிகள் அலறினார்கள். "போடும்மா!" என்று கோச் வேலியை உலுக்கினார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். கண்ணில் தண்ணீர் கட்டியிருந்தது, கை மட்டும் அசையவில்லை. ஓசெல்லா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நேரம் போச்சு. பாயிண்ட் எதிராளிக்கு. கேம். ஆறு ஆறு," என்றார் தொப்பிக்காரர்.

கூட்டம் ஐயோ என்றது. ஆனால் காத்திருக்க இனி ப்ளேருக்கு ஒன்றுமில்லை. தொப்பிக்காரரும் அவள் பக்கம் திரும்பிவிட்டார். சர்வ் போட்டாள். கார்லிஸ் திருப்பினாள். அங்குமிங்குமாகப் பந்து போனது, எண்ணக்கூட முடியவில்லை. பிறகு கார்லிஸ் மட்டையைச் சாய்த்து, வலைக்கு அந்தப் பக்கம் ஒட்டினாற்போல் குட்டியாக ஒன்று போட்டாள். நொண்டுகிற காலோடு யாரும் எடுக்கமுடியாத பந்து. ப்ளேர் ஓடினாள். மான் மாதிரி ஓடினாள்!

"நொண்டி ஓடுற அழகப் பாருங்க!" என்று நான் தொண்டை கிழியக் கத்தினேன்.

எடுத்தும்விட்டாள். ஆனால் பந்து உயர எழும்பிக் கார்லிஸின் மட்டைக்கு நேராக வந்தது. கார்லிஸ் அதைக் காலியான மூலையில் இறக்கினாள்.

முடிந்தது. நாலு. எல்லாரும் முதல் கோர்ட்டுக்குள் பாய்ந்தார்கள். கோச் தரையில் உட்கார்ந்து அழுதார். ப்ளேர் வலைக்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு கைகுலுக்கினாள், அப்புறம் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். இன்னும் நடிக்கிறாளே என்று நினைத்தேன். ஆறாம் கோர்ட்டில் ரெனிடா தனியாக, பந்தைக் கையில் பிடித்தபடியே நின்றாள்.

கார்லிஸ் கூட்டத்தைப் பிய்த்துக்கொண்டு ஓடினாள். ஐந்து கோர்ட் தாண்டிப் போய்த் தங்கையின் தோளில் ஓங்கி ஒரு குத்து விட்டாள்.

"யாருடி உன்னக் கேட்டா?"

"நீ கேட்டிருந்தா குடுத்திருக்க மாட்டேன்," என்றாள் ரெனிடா.

இருவரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். மழை இறங்கியது. ஓசெல்லா ஃபோனைக் காதில் வைத்தபடி, "முடிஞ்சுது, ஹாலிஸ், முடிஞ்சுது," என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

கொண்டாட நேரமில்லை. நேரே வயலுக்குப் போனோம். டென்னிஸ் பாவாடையோடு இரண்டு பெண்களும் சேற்றில் இறங்கி வெங்காயப் பெட்டிகளைத் தூக்கினார்கள். ஹாலிஸ் தார்ப்பாயை இழுத்துக்கொண்டே, "ரெண்டு பேருல யாரு ஜெயிச்சீங்க?" என்றான். ரெனிடா கார்லிஸைக் காட்டினாள். கார்லிஸ் ரெனிடாவைக் காட்டினாள். அன்றிரவு ஓசெல்லா வீட்டில் பன்றி விலா, சோளரொட்டி, வேகவைத்த கடலை. அவ்வளவு சிரித்த சாப்பாட்டை நான் சாப்பிட்டதில்லை. நான் எழுந்து நின்று ப்ளேர் நொண்டிய மாதிரி நடித்துக் காட்டினேன். ரெனிடா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

செவ்வாய்க்கிழமை பட்டியல் வந்தது. கார்லிஸ் அறுபத்தைந்தாவது. உள்ளே யாராவது விலகினால் போகலாம், இல்லையென்றால் இல்லை. ஒரே ஓர் ஆள் தள்ளி! ரெனிடா அன்றைக்குச் சாப்பிடவில்லை. கார்லிஸ் எடைமேடைக்குப் போய் முதலாளியிடம் சாவி வாங்கி வந்தாள்.

வியாழக்கிழமை மதியம், பருவம் முடிந்த பெண்கள் இருவரும்கூட எங்களோடு மேசையில் நிற்கும்போது, கோச் கொட்டகைக்கே வந்தார். கன்வேயர் சத்தத்தில் கத்தவேண்டியிருந்தது.

"கார்லிஸ்! உன் பேர் உள்ள போயிடுச்சு! ஒருத்தி விலகிட்டா!"

ஓசெல்லா கையிலிருந்த வெங்காயத்தை மேலே வீசினாள். நான் சீட்டி அடித்தேன். கோச் மட்டும் சிரிக்கவில்லை.

"யாரு விலகினது?" என்றாள் கார்லிஸ்.

"ப்ளேர். கணுக்கால் எலும்பு உடைஞ்சிருக்கு."

மேஸ்திரி என்னவோ ஏதோ என்று கன்வேயரை நிறுத்தினார்.

"எப்ப?" என்று ரெனிடா கேட்டாள்.

"நம்ம ஊர்லதான். மொதல்ல விரிசல்தானாம். காலை நீட்டி உக்காந்தாளே, அப்ப. கடைசியில அந்தக் குட்டிப் பந்துக்கு ஓடினதுலதான் முழுசா விட்டுச்சாம். ஆபரேஷன் பண்ணியிருக்காங்க. அடுத்த வருஷம் ஆடுறதே சந்தேகம்னு அவங்க கோச் சொன்னாரு."

நடிப்பு என்று முதலில் கத்தியவள் நான். சோளரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நொண்டிக் காட்டியவளும் நான்தான்.

ரெனிடா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "அஞ்சு ரெண்டுல நான் முடிச்சிருந்தா அவ எந்திரிச்சே இருக்க வேணாம். உக்காந்த இடத்துலயே அவ ஆட்டம் நின்னிருக்கும். நான்தான் அவள ஓட வச்சேன்."

"வாய மூடு," என்றாள் கார்லிஸ். "பந்த அங்க போட்டது நானு. காலு சரியில்லன்னு தெரிஞ்சுதான் போட்டேன்."

"நடிக்கிறான்னுதானே நினைச்ச?"

"நடிச்சாலும் சரி, நிஜமானாலும் சரின்னுதான் போட்டேன்."

கார்லிஸ் வெளியே போய் ப்ளேருக்கு ஃபோன் போட்டாள். அவள் எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். மூன்றாவது தரம் செய்தி விட்டாள். என்ன சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. அதற்குப் பதில் வந்ததாக இன்றுவரை தெரியாது.

"நான் போகலம்மா," என்று உள்ளே வந்து சொன்னாள். "அவ காலு மேல ஏறிப் போகச் சொல்றியா?"

ஓசெல்லா கையுறையைக் கழற்றி மேசையில் வைத்தாள். "நீ போகலன்னா அவ காலு சேந்துடுமா? நானும்தான் அன்னைக்குக் கத்தினேன். ஊரே கத்துச்சு. உன் தங்கச்சி மூணு வருஷத்துல வந்த ஒரே வெற்றியத் தூக்கிக் குடுத்திருக்கா, அதையும் சேத்து மண்ணுல போடப்போறியா? போ. போய் ஆடு. ஆனா ஒண்ணு. ஜெயிச்சா கையத் தூக்காத."

கார்லிஸ் போனாள். அடுத்த சுற்றிலேயே ஒருத்தியிடம் மண்ணைக் கவ்விவிட்டுத் திரும்பி வந்து எடைமேடையில் நின்றாள், அது பிறகு. முதல் சுற்று அன்றைக்கு மேஸ்திரி பெரிய மனது பண்ணி ஃபோனை ஒரு வெங்காயப் பெட்டி மேல் சாய்த்து வைக்க விட்டார். கன்வேயர் ஓடிக்கொண்டேதான் இருந்தது. ஹாலிஸ் டிராக்டரை வாசலில் நிறுத்திவிட்டு வந்து முட்டிபோட்டுப் பார்த்தான். இரண்டரை மணி நேரம். கடைசி செட் ஏழு ஆறு. பந்து விழுந்ததும் கார்லிஸ் தலையைக் குனிந்தபடி நேரே வலைக்கு நடந்துபோய் எதிராளியின் கையைப் பிடித்தாள். ஓசெல்லா வேலை ஏப்ரனில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

ரெனிடா ஒரு தரம்கூட ஃபோன் பக்கம் வரவில்லை. மேசையில் அவள் பாட்டுக்கு வெட்டுப்பட்டதையும் அழுகினதையும் ஒதுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஜெயிச்சுட்டாடி," என்றேன்.

"கையத் தூக்கினாளா, அத்தை?"

"இல்ல."

தலையை ஆட்டினாள். அடுத்த வெங்காயத்தை எடுத்தாள்.